வாடகை வீடு வாங்கப் போகும் நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் படிப்பை நல்லபடியாக முடித்த செய்தி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி தந்தது. கணக்கியல் படித்தவள் என்பதால், நான் கீழே எழுதியிருப்பதை ஒருமுறை அவளிடம் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு விடுவதற்கென்றே முதன்முதலாக ஒரு வீடு பார்த்திருப்பதாகவும், விலையில் 8 சதவீதம் ஆண்டு வாடகையாக வரும் என்று தரகர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த 8 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். வீட்டின் விலை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மாதமும் ஆள் குடியிருந்து, ஒரு மாத வாடகைகூட நிலுவையில் நிற்காமல் இருந்தால்தான் 8 பங்கு கைக்கு வரும். ஒருவர் காலி செய்து, வீட்டுக்கு வெள்ளையடித்து, அடுத்தவர் குடிவருவதற்குள் ஒரு மாதம் கழிந்துவிட்டால் அது 7.3 ஆகிவிடும். அதிலும் சொத்து வரி, காப்பீடு, சில்லறைப் பழுதுகள், நீங்கள் தொலைவில் இருப்பதால் வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்குத் தரவேண்டிய ஊதியம் எல்லாம் போக 5 பங்கு மிஞ்சினால் நல்ல வீடு என்பேன். தரகர் சொன்னது மொத்த வாடகையின் விகிதம். இரண்டு வீடுகளை ஒப்பிட உதவுவது இந்த 5 என்னும் நிகர விகிதம். தரகும் பதிவுச் செலவும் சேர்ந்தால் உங்கள் முதலீடு 100ஐத் தாண்டிவிடும் என்பதால் அதுவும் சற்றே குறையும்.

கடன் வாங்கத்தான் போகிறீர்கள் என்பதால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 75 பங்கை 7 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கினால், தவணையாக ஆண்டுக்கு ஏறத்தாழ 7 பங்கு கட்ட வேண்டும். வீடு தருவதோ 5. மீதி 2 பங்கு ஆண்டுதோறும் உங்கள் சம்பளத்திலிருந்து போகும். முதல் ஆண்டின் வட்டி மட்டுமே 5 பங்கைத் தாண்டுகிறது என்பதையும் கவனியுங்கள். நிகர விகிதம் வட்டி விகிதத்துக்குக் கீழே இருக்கும்வரை, கடனைக் கூட்டக் கூட்டப் பற்றாக்குறையும் கூடும். வாடகைச் சொத்துக்குக் கடன் கொடுப்பவர்களில் பலர், நிகர வருமானம் தவணையைப்போல் 1.25 மடங்காவது இருக்கிறதா என்று பார்ப்பதுண்டு. அந்த அளவுகோலின்படி உங்கள் வீடு 43 பங்குக் கடனுக்கு மேல் தாங்காது. விலை ஏறிவிடும் என்று ஆறுதல் சொல்பவர்கள் இருப்பார்கள். ஏறலாம், ஆனால் அதுவரை மாதத் தவணையைக் கட்டப்போவது நீங்கள்தான்.

மாத வாடகை விலையில் 1 சதவீதமாவது இருக்க வேண்டும் என்றொரு விதியும் சொல்வார்கள். பல இடங்களில் எந்த வீடும் அதில் தேறாது என்பதால் நான் அதைப் பொருட்படுத்துவதில்லை.

என் முதல் வீட்டில் நான் ஏமாந்தது பழுதுச் செலவில். விற்றவர் ஓராண்டுச் செலவுக் கணக்கைக் காட்டினார். அதில் பொய் ஏதும் இல்லை. அந்த ஆண்டில் எதுவும் கெட்டுப்போகவில்லை, அவ்வளவுதான். வாங்கிய இரண்டாவது மழைக்காலத்தில் கூரை ஒழுகத் தொடங்கி, அதைச் சீராக்கிய செலவு ஓராண்டு வாடகைக்கும் மேலாகப் போயிற்று. அன்றிலிருந்து கூரை, குழாய்கள், மின்கம்பிகள், நீரேற்றி ஆகிய ஒவ்வொன்றும் இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று விவரம் தெரிந்த ஒருவரை அழைத்துப் போய்க் கேட்டு, மாற்றும் செலவை அந்த ஆண்டுகளால் வகுத்து, வரும் தொகையை ஆண்டுச் செலவில் சேர்த்துவிடுகிறேன். 4 பங்கு செலவாகும் கூரைக்குப் பத்தாண்டு ஆயுள் மிச்சம் என்றால் ஆண்டுக்கு 0.4 பங்கு; நாம் மேலே கண்ட 5, இதற்கே 4.6 ஆகிவிடுகிறது.

இப்போது அங்கே ஒரு குடும்பம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவர்களுடைய வாடகை ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். விற்பவர் வாயால் சொல்லும் வாடகைக்கும் ஒப்பந்தத்தில் உள்ள வாடகைக்கும், அதற்கும் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த தொகைக்கும் வேறுபாடு இருந்தால், கடைசியில் உள்ளதையே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கொடுத்திருக்கும் முன்பணம் இப்போது விற்பவர் கையில் இருக்கிறது. காலி செய்யும்போது உங்களிடம்தான் கேட்பார்கள் என்பதால், அதை விலையில் கழித்துக்கொள்வதாக விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

மூன்று ஆண்டு வரி ரசீதுகளும் பழுதுச் சீட்டுகளும் கிடைத்தால் எனக்கும் ஒரு படி அனுப்புங்கள். இருவரும் தனித்தனியே கணக்குப் போட்டு ஒத்துப்பார்ப்போம். வீட்டை இன்னொருமுறை பார்க்கப் போவதாக இருந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் போய், மேல்மாடியின் உட்கூரையை நிமிர்ந்து பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்