மதிய இடைவேளையில் போய்ப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வந்ததும் வீட்டுக்கு வீடு கட்-ஆஃப், கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரும் நாக் தரம், பிளேஸ்மென்ட் என்றே பேச்சு ஓடுகிறது. என் மகளுக்கும் அப்படித்தான் கல்லூரி பார்த்தோம். உசிலம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். ஒரே பள்ளியில் படித்த பிள்ளைகள் கூட்டமாக இருந்தார்கள். இவள் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். பல நாள் டிபன் பாக்ஸைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தாள். அதைக் கழுவும்போது எனக்கு நெஞ்சு பதறும். படிப்பில் குறையே இல்லை, ஆனாலும் மாற்ற வேண்டியதாயிற்று.

இந்த முறை நேரில் போனோம். மதுரையில் அமெரிக்கன் கல்லூரி 1881-லிருந்து இருக்கிறது, மகளிருக்கான லேடி டோக் 1948-லிருந்து. பெயரும் வயதும் தெரிந்தால் போதாது. மதிய இடைவேளையில் மரத்தடியில் யார் யாரோடு சாப்பிடுகிறார்கள், நோட்டீஸ் போர்டில் தமிழ் மன்றம், என்.எஸ்.எஸ். முகாம் என்று ஏதாவது இருக்கிறதா, கடைசி பஸ்ஸுக்கு முன் அவை முடியுமா என்று பார்த்தோம். அப்புறம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் மகளே தனியாகப் பேசினாள். நான் தள்ளி நின்றேன். இப்போது டிபன் பாக்ஸ் காலியாக வருகிறது.

ராகிங்கைத் தடுக்கத் தமிழகத்தில் 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. ஒதுக்கிவைப்பதற்குச் சட்டம் எட்டாது. விண்ணப்பம் கொடுக்கும் முன்பே பிள்ளைகள் ஒரு நாள் வகுப்பிலும் கேன்டீனிலும் இருந்து பார்க்கக் கல்லூரிகள் அனுமதிக்க வேண்டும்.

— ஒரு தாய், உசிலம்பட்டி