ஏழு சீட்டும் ஆறு தயிர்ச் சட்டியும்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம், வேளாண்மை வெட்டி முடிந்துவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை.

ஏழு சீட் ஜீப் எடுப்பதா, ஐந்து போதுமா என்று கேட்டிருந்தாய். போன மாதம் அத்தானின் கியா சொரென்டோவில், 2016ஆம் ஆண்டு வண்டி, ஏழு பேராகக் கொழும்புக்குக் கல்யாணத்துக்குப் போய் வந்தோம். அதனால் கண்டதையே எழுதுகிறேன்.

களுவாஞ்சிகுடியில் விடிய 4 மணிக்குச் சாமான் ஏற்றத் தொடங்கினோம். எல்லா சீட்டையும் நிமிர்த்திவிட்டு டிக்கியைத் திறந்தால், மூன்றாம் வரிசைக்கும் கதவுக்கும் நடுவில் ஒன்றரைச் சாண்தான் மிச்சம். கம்பனிக் கணக்கில் அது 142 லீற்றர், அந்த வரிசையை மடக்கினால் 605. இந்த லீற்றரை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா, 20 சென்ரிமீற்றர் நீளம், 10 அகலம், 5 உயரமுள்ள கட்டைகளை அடுக்கி எண்ணுகிறார்கள், ஒரு கட்டை ஒரு லீற்றர். தயிர்ச் சட்டி அப்படி அடுக்குப்படுமா? அடி உருண்டை, வாய் அகலம், ஒன்றின் மேல் ஒன்று வைக்க ஏலாது, சாய்க்கவும் ஏலாது. கல்யாண வீட்டுக்கென்று வாங்கிய ஆறில் நாலுதான் டிக்கியில் நின்றது. மற்ற இரண்டையும் பிள்ளைகள் மடியில் வைத்துக்கொண்டு ஹபரணை மட்டும் வந்தார்கள், பாவம். அரிசி மூட்டை காலடியில், அம்மாவின் வாக்கர் என் தோளில்.

திரும்பும்போது பின் வரிசையில் நானே இருந்து பார்த்தேன். பின் சில்லுகளின் சஸ்பென்ஷன் கீழே இருப்பதால் அங்கே தளம் உயர்ந்து நிற்கிறது, முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடும். பொலன்னறுவை தாண்டுவதற்குள் கால் மரத்துப் போச்சு. பத்து வயதுப் பிள்ளைக்குச் சரி, உன் உயரத்துக்குச் சரிவராது.

பாரத்தையும் பார். இந்த அளவு வண்டிகள் பெரும்பாலும் 500, 600 கிலோதான் தாங்கும். தலைக்கு 60 கிலோ போட்டாலே ஏழு பேர் 420, பிறகு அரிசி மூட்டையை எங்கே வைப்பாய்?

பெற்றோல் எஞ்சினோடு கரண்ட் மோட்டாரும் உள்ள ஹைபிரிட்டிலும் கண் வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். ஜப்பானில் இருந்து வந்த பழைய நிசான் எக்ஸ்-ட்ரெயில் ஹைபிரிட் ஐந்து சீட்தான், பெற்றோல் வண்டியில்தான் மூன்றாம் வரிசை கிடைக்கும். 2013இல் வந்த மிட்சுபிஷி அவுட்லாண்டர் பிளக்-இன்னும், அதாவது கரண்டில் செருகிச் சார்ஜ் பண்ணுகிற ஹைபிரிட்டும், ஐந்துதான், அதில் மூன்றாம் வரிசை இருக்கவேண்டிய இடத்துக்குக் கீழே பின் மோட்டார் இருக்கிறது.

நான் உனக்குச் சொல்வது, நல்ல அகலமான டிக்கியோடு ஐந்து சீட் எடு. வருஷத்தில் இரண்டு தரம் ஏழு பேர் போக வேண்டி வந்தால் வானொன்று பிடிக்கலாம். மற்ற நாளெல்லாம் நீ ஏற்றப்போவது காஸ் சிலிண்டரும் தேங்காயும் மாமியும்தானே.

வண்டி பார்க்க மாமியைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போ. சீட் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். எங்கள் அம்மா சொரென்டோவில் ஏற, ஒரு கையால் கதவையும் மறு கையால் என் கழுத்தையும் பிடித்தா, மூன்றாவது எத்தனிப்பில்தான் கால் படியில் பட்டது. அதைப் பார்த்த பிறகு லீற்றர் கணக்கு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

வண்டி பார்க்கப் போகிற நாளைச் சொல்லு, அக்கரைப்பற்றுக்கு நானும் வருகிறேன். இரண்டு வெறும் தயிர்ச் சட்டியும் அளவு நாடாவும் கொண்டு வருவேன்.

அன்புடன்,
உன் மச்சான்