காது கேட்கும் கருவிக்கு இயர்போன் வரியா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மகளுக்கு வேலை நிரந்தரமான செய்தியைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். நாங்கள் நலம். முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை. அது கிடக்கட்டும்.

கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் எழுதியிருந்தாயே, அதுதான் மனசைக் குடைந்துகொண்டே இருக்கிறது. அம்மாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரவழைத்த காது கேட்கும் கருவிக்குக் கண்டபடி வரி போட்டார்கள், கட்டித் தொலைத்தேன், இனி என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். செய்வதற்கு நிறைய இருக்கிறது. கட்டிவிட்டதால் உரிமை போய்விடாது. இத்தனை வருஷம், சுங்கத்திலிருந்து சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்த்தவன் சொல்கிறேன், கூரியர்காரர் நீட்டும் பில் சட்டம் அல்ல. யாரோ ஒருவர் அவசரத்தில் போட்ட கணக்கு அது, அவ்வளவுதான்.

நீ அனுப்பிய பில்லின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வரித் தொகைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 8518.30 என்று இருக்கிறது. கோளாறு அங்கேதான். பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலகச் சுங்க அமைப்பு எல்லாச் சரக்குக்கும் எண் கொடுத்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 1988லிருந்து நடைமுறையில் இருக்கும் இதைத்தான் ஹெச்.எஸ். கோடு என்கிறோம். முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்குமேல் அந்தந்த நாடு தன் வசதிக்குச் சேர்த்துக்கொள்ளும். 8518.30 என்றால் ஹெட்போன், இயர்போன் வகை. காது கேட்கும் கருவிக்கு 9021.40 என்று தனி எண்ணே உண்டு. பல நாடுகளில் இரண்டாவதற்குத் தீர்வை, அதாவது இறக்குமதி வரி, கிடையாது, அல்லது மிகக் குறைவு.

எப்படி நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. விற்றவர் இன்வாய்ஸில் 'வயர்லெஸ் இன்-இயர் டிவைஸ்' என்று எழுதியிருக்கிறார். கூரியர் நிறுவனத்தில் டேட்டா என்ட்ரி செய்பவருக்குப் பெட்டியைத் திறந்து பார்க்க நேரம் இருக்காது. அந்த ஒரு வரியை வைத்து எண் போட்டிருப்பார். நீ எழுதப்போகும் கடிதத்தில் ஒரு குறிப்பை மறக்காமல் சேர். அந்தப் பட்டியலில் இயர்போன் வரும் 85ஆம் அத்தியாயம் அடங்கியிருப்பது பதினாறாம் பிரிவில். அந்தப் பிரிவின் முதல் குறிப்பே, காது கேட்கும் கருவி வரும் 90ஆம் அத்தியாயத்துப் பொருள்கள் இங்கே சேராது என்கிறது. அதாவது கருவி காது கேட்காதவர்களுக்கானது என்று நிரூபித்துவிட்டால், இயர்போன் தலைப்பில் அதை வைக்கவே முடியாது.

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதே. அமெரிக்காவில் டாய் பிஸ் என்ற கம்பெனி, தான் இறக்குமதி செய்த உருவங்கள் பொம்மை மனிதர்கள் அல்ல, பொதுவான விளையாட்டுச் சாமான்கள் என்று வழக்காடியது. முதலாவதற்கு 12 சதவீதம், இரண்டாவதற்கு 6.8 சதவீதம். 2003இல் அந்நாட்டின் சர்வதேச வர்த்தக நீதிமன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரே சரக்கு, எண் மாறியதும் வரி கிட்டத்தட்டப் பாதி.

எண் தப்பானால் நஷ்டம் தீர்வையோடு நிற்பதும் இல்லை. மதிப்புக் கூட்டு வரியோ ஜி.எஸ்.டி.யோ, பெரும்பாலும் பொருளின் மதிப்போடு தீர்வையையும் கூட்டி அதன்மேல்தான் போடுவார்கள். மதிப்பு 100, தீர்வை 20 சதவீதம், அடுத்த வரி 10 சதவீதம் என்று வைத்துக்கொள். தீர்வை 20, அதையும் சேர்த்த 120க்கு அடுத்த வரி 12. மொத்தம் 32. தீர்வை இல்லையென்றால் வெறும் 10தான்.

அப்புறம் மதிப்பு. நீ தள்ளுபடியில் வாங்கியதாகச் சொன்னாய். ஆனால் பில்லில் தள்ளுபடிக்கு முந்தைய விலையை வைத்து வரி போட்டிருக்கிறார்கள். உலக வர்த்தக அமைப்பின் சுங்க மதிப்பீட்டு ஒப்பந்தம், உண்மையில் கொடுத்த அல்லது கொடுக்க வேண்டிய விலையைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்கிறது. அந்த விலையில் சந்தேகம் வந்தால் அடுத்தடுத்த முறைகளுக்குப் போகலாம், ஆனால் மனம்போனபடி ஒரு தொகையை வைக்கக் கூடாது. ஆர்டர் உறுதி செய்த மின்னஞ்சல், பேங்க் ஸ்டேட்மென்ட் இரண்டையும் எடுத்து வை. கப்பல், விமானக் கூலியைச் சேர்ப்பதா விடுவதா என்பதை மட்டும் ஒப்பந்தம் அந்தந்த நாட்டுக்கு விட்டிருக்கிறது, அதில் நீ சண்டை போடாதே.

ஆர்டர் போடும்போதே விற்றவர் வரி வாங்கிவிட்டாரா என்றும் பார். ஆஸ்திரேலியா 2018லிருந்தும் ஐரோப்பிய ஒன்றியம் 2021லிருந்தும் சின்னப் பார்சல்களுக்கு அப்படி ஒரு ஏற்பாடு வைத்திருக்கின்றன. விற்றவரின் பதிவு எண் கூரியருக்குப் போய்ச் சேரவில்லை என்றால் வாசலில் இரண்டாவது முறை கேட்பார்கள். அந்த மாதிரி இரட்டை வசூலுக்குச் சுங்கத்தாரைவிட விற்றவரைப் பிடிப்பதுதான் சீக்கிரம் பலன் தரும்.

இப்போது யாரிடம் போவது? பில்லில் மூன்று தொகை இருக்கிறது. கையாளும் கட்டணம் கூரியருடையது, அதைப் பற்றி அவர்களிடம்தான் பேச வேண்டும். தீர்வையும் வரியும் அரசாங்கத்துக்குப் போனவை. கூரியர் வாடிக்கையாளர் சேவையில் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்கள், ஆனால் சுங்கம் போட்டதைக் குறைக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. அவர்களிடமிருந்து உனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: உன் பெயரில் தாக்கல் செய்த சுங்க அறிக்கையின் நகல். அதில்தான் எந்த எண், எந்த மதிப்பு, எந்த நாட்டுத் தயாரிப்பு, எந்த நாளின் நாணய மாற்று விகிதம் என்று எல்லாம் இருக்கும். எழுத்தில் கேள். போனில் கேட்டால் 'பார்த்துச் சொல்கிறோம்' என்பதோடு போய்விடும்.

நகல் கைக்கு வந்ததும் சுங்கத்துக்கு எழுது. மதிப்பை எப்படித் தீர்மானித்தார்கள் என்று எழுத்தில் கேட்டால் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்று நான் மேலே சொன்ன சுங்க மதிப்பீட்டு ஒப்பந்தத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. அதன் 11ஆம் பிரிவு, அந்த மதிப்பை எதிர்த்து அபராதம் இல்லாமல் மேல்முறையீடு செய்யும் உரிமையைத் தருகிறது. அதனால், எதிர்த்துக் கேட்டால் அடுத்த பார்சலைப் பிடித்து வைப்பார்களோ என்ற உன் பயத்தை விடு. கெடு மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். கெடு தாண்டிவிட்டால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவு சாத்திவிடும். முதல் வேலையாக அந்தத் தேதியைத் தெரிந்துகொள்.

கடிதம் நீளமாக வேண்டாம். அறிக்கை எண், போட்ட எண், போட வேண்டிய எண், காரணம், திருப்பித் தர வேண்டிய தொகை, இவ்வளவு போதும். அம்மாவின் செவித்திறன் பரிசோதனை அறிக்கையையும், தயாரித்தவர் தரும் விவரத் தாளில் அந்த மாடலின் பக்கத்தையும் இணை. சும்மா சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் கருவிகளும் சந்தையில் இருப்பதால் அதிகாரி சந்தேகப்படத்தான் செய்வார். அந்தச் சந்தேகத்தை இந்த இரண்டு தாளும் தீர்த்துவிடும்.

இனிமேல் இப்படி வந்தால், சாமான் அவசரமாக வேண்டும் என்றால் கட்டிவிடு. ஆனால் 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடு. கட்டாமல் பார்சலைப் போட்டுவைத்தால் கிடங்கு வாடகை ஏறும், அப்புறம் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த முறை விலையைக் குறைத்து, 'அன்பளிப்பு' என்று எழுதித் தருவதாக விற்றவர் சொன்னார் என்றாயே, அதற்கு ஒப்புக்கொள்ளாதே. பொய் அறிக்கை குற்றம். அது ஒருபுறம். பார்சல் தொலைந்தால் அந்தக் குறைத்த தொகைக்குத்தான் நஷ்டஈடு. நாளைக்கு வரியை எதிர்த்து நிற்க வேண்டி வந்தாலும் உன் கையில் இருக்கும் ஒரே பலம் அந்த இன்வாய்ஸ்தான். அவரிடம் வேறு கேள்: கருவியின் சரியான பெயர், மாடல், ஹெச்.எஸ். கோடு மூன்றையும் இன்வாய்ஸில் எழுதச் சொல். இதற்குப் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை.

அம்மாவை நினைத்துத்தான் எனக்கு ஆத்திரமே வருகிறது. யார் பேசினாலும் வலது காதைத் திருப்பி, உதட்டையே பார்த்துக்கொண்டு, பாதி புரியாமலேயே தலையாட்டுவார். அவருக்கு வாங்கியதைப் பாட்டுக் கேட்கும் சாமானோடு சேர்த்து வரி போட்டதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

அறிக்கை நகல் கிடைத்த அன்றே எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்பு. முறையீட்டை நானே எழுதித் தருகிறேன், நீ படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். உன் நாட்டில் மேல்முறையீட்டுக்குக் கெடு எத்தனை நாள் என்பதைச் சுங்கத்துறையின் உதவி எண்ணில் நாளைக் காலையிலேயே கேட்டு எழுது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்