பிரேக்கை முதலில் முடிவு செய், ரிம்மை அப்புறம் பார்க்கலாம்

கிள்ளான்,
சனிக்கிழமை இரவு

அன்புள்ள குமரா,

கடிதமும் கார் படங்களும் வந்து சேர்ந்தன. ஒருவழியாக டொயோட்டா ஜிடி86 வாங்கிவிட்டாய். பழைய கார் என்றாலும் அடிபடாத கார் மாதிரித்தான் தெரிகிறது, கதவு இடைவெளி எல்லாம் ஒரே சீராக இருக்கிறது. தங்கச்சி என்ன சொன்னாள் என்று மட்டும் நீ எழுதவில்லை. எழுதாததிலிருந்தே புரிந்துகொண்டேன்.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு மூட்டு வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, மாடி ஏறுவதைத்தான் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள், அவர் நிறுத்தவில்லை. பெரியவள் இந்த வருடம் பள்ளியின் கடைசிப் பரீட்சை எஸ்பிஎம் எழுதுகிறாள். வீட்டில் டிவி சத்தமே கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய கார்களைப் பிரித்துப் பாகம் விற்கும் ஹாஃப் கட் கடையில், சுபாரு எஸ்டிஐ காரின் பிரெம்போ பிரேக் செட் பார்த்து வைத்திருக்கிறாய். அதை மாட்டினால் 18 அங்குல ரிம் கட்டாயம் என்று அந்தக் கடைக்காரர் சொன்னார், கையோடு ஒரு 18 செட்டையும் காட்டினார். நீ முன்பணம் கொடுக்கலாமா என்று கேட்கிறாய். கொடுக்காதே. முதலில் இந்தக் கடிதத்தை முழுசாகப் படி.

உனக்குப் பெரிய பிரேக் வேண்டுமா என்பதே முதல் கேள்வி. பட்டர்வொர்த்திலிருந்து வேலைக்குப் போய் வருவதற்கு அது தேவையில்லை, காரோடு வந்த கம்பெனி பிரேக்கே தாராளம். செப்பாங் ரேஸ் தடத்துக்குப் போவேன் என்கிறாய், அப்படியானால் பேச்சு வேறு. அங்கே இரண்டு நீளமான நேர்ப்பாதைகள், இரண்டின் முடிவிலும் முழு பலத்தோடு பிரேக் மிதிக்க வேண்டும். ஆளோடு சேர்த்து 1,300 கிலோ வண்டியை 180 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80க்குக் கொண்டுவந்தால், நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவு சூடு சில விநாடிகளில் டிஸ்க்கில் இறங்குகிறது. அதில் பெரும்பங்கு முன் சக்கரங்களுக்கு. ஒரு சுற்றில் இப்படிப் பல தடவை. உன் காரின் 294 மி.மீ. முன் டிஸ்க் நாலைந்து சுற்றில் திணறத்தான் செய்யும். ஆனால் முதல் தடவை போகும்போது நல்ல பேடும் (டிஸ்க்கில் அழுத்தி உரசுகிற கட்டை) புது பிரேக் ஆயிலும் போட்டுவிட்டுப் போ. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிப்போனால் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். பெடல் ஆழமாகப் போகிறது என்று புலம்புகிற பாதிப் பேருக்குக் கோளாறு ஆயிலில்தான்.

அதற்கும் போதவில்லை என்றால் பிரெம்போ போடு. முன்பக்கக் காலிப்பர், அதாவது பேடை டிஸ்க்கில் அழுத்துகிற பாகம், சக்கரத்தைத் தாங்கும் உன் நக்கிளில் நேராக உட்காரும். டிஸ்க் மட்டும் 5×100 துளை (100 மி.மீ. வட்டத்தில் ஐந்து துளை) உள்ளதாக வாங்கு. பிந்திய எஸ்டிஐக்கள் 5×114.3, அந்த டிஸ்க் உன் ஹப்பில் (சக்கரம் மாட்டுகிற நடுப்பாகம்) ஏறாது. முன்னால் மட்டும் பெரிதாக்கி, பின்னால் தேய்ந்த பேடோடு ஓட்டாதே. பாரமெல்லாம் முன்னால் விழுந்து, பின் பிரேக் சும்மா பெயருக்கு இருக்கும்.

இப்போது ரிம். 18 கட்டாயம் என்பது சரியில்லை. சுபாருவே 2017இல் உன் காரின் இரட்டையான பிஆர்இசட்டை 326 மி.மீ. டிஸ்க்கும் நாலு பிஸ்டன் பிரெம்போவுமாக விற்றது. அதில் போட்டிருந்தது 17×7.5 ரிம், விட்டம் 17 அங்குலம், அகலம் 7.5. 17 அங்குலம் என்றால் 432 மி.மீ. ரிம்மின் தடிப்பும் டயர் மாட்டுவதற்காக நடுவில் இருக்கும் பள்ளமும் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். மிச்சம் இருக்கிற உயரம் போதும்.

இடிப்பது வேறு இடத்தில், ஸ்போக்கின் முதுகில். உன் கம்பெனிக் காலிப்பரைக் குனிந்து பார். பிஸ்டன் எல்லாம் உள்பக்கம் இருக்கும், வெளிப்பக்கத்தில் வெறும் மெல்லிய விரல் மாதிரி இரும்பு. பிஸ்டன் உள் பேடை அழுத்தியதும் காலிப்பர் நகர்ந்து வெளி பேடையும் இழுத்துக்கொள்ளும். பிரெம்போ நகராது. அதனால் வெளிப்பக்கமும் இரண்டு பிஸ்டன் வைத்திருக்கிறார்கள், அந்தத் தடிப்பு முழுவதும் ரிம்மின் முகத்தை நோக்கி நீண்டு நிற்கும். ஸ்போக் ஹப்பிலிருந்து கிளம்பும்போதே வெளியே வளைந்து போனால் பிழைத்தோம். நேராகப் போனாலோ, இப்போது பையன்கள் விரும்புகிற குழிந்த முகமாக இருந்தாலோ, 18 என்ன, 19 போட்டாலும் உரசும்.

எழுதியிருக்கிற அளவு இதைச் சொல்லாது. 17×8, ஆஃப்செட் 45 என்று அச்சடித்த இரண்டு ரிம்கள் என் கடையிலேயே பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. ஒன்று பிரெம்போவை விழுங்கிவிடும், மற்றது ஹப்பிலேயே உட்கார மறுக்கும். ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் பரப்பு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற கணக்கு மட்டும்தான். டயர் மட்கார்டில் படுமா, உள்ளே ஷாக்கில் படுமா என்று பார்க்க அது உதவும். உன் பழைய ரிம் 17×7, ஆஃப்செட் 48. 8 அங்குலம் 45க்கு மாறினால் வெளியே 16 மி.மீ., உள்ளே 10 மி.மீ. கூடும், தாராளமாகப் போகும். 9 அங்குலம் 45 என்றால் வெளியே 28, உள்ளே 22. அங்கே போகாதே. டயர் மட்கார்டைத் தாண்டி எட்டிப்பார்த்தால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேக்கு நீயே கை காட்டிக் கூப்பிட்ட கதை.

ஆகவே அளந்துதான் தீர வேண்டும். பிரேக் விற்கிற நல்ல கம்பெனிகள் காலிப்பரின் பக்கவாட்டு உருவத்தை அசல் அளவிலேயே படமாகத் தருவார்கள். அச்செடுக்கும்போது அளவு சுருங்காமல் பார்த்துக்கொள், ஓரத்தில் இருக்கும் அளவுகோலை ஸ்கேல் வைத்துச் சரிபார். கெட்டி அட்டையில் ஒட்டி வெட்டி, ரிம்மைக் கவிழ்த்துப் போட்டு, ஹப் பரப்பில் பொருத்தி ஒரு முழுச் சுற்று சுற்று. எந்த ஸ்போக்கில் இடிக்கிறது என்று கண்ணாலேயே தெரியும்.

நான் கடையில் இன்னொன்றும் செய்வேன். காலிப்பர் ஏறிய பிறகு, அதன் முகத்திலும் தலையிலும் பிள்ளைகள் விளையாடுகிற பிளாஸ்டிசினைக் கட்டை விரல் தடிப்பில் ஒட்டிவிடுவேன். டயர் இல்லாத வெறும் ரிம்மை ஏற்றி, நட்டைக் கையால் இறுக்கி, மெதுவாக ஒரு சுற்று. கழற்றிப் பார்த்தால் ஸ்போக் தேய்த்துக்கொண்டு போன பாதை அதில் பளபளவென்று பதிந்திருக்கும். பிளேடால் குறுக்கே வெட்டி, மிஞ்சிய தடிப்பை வெர்னியரில் அளந்தால் இடைவெளி கையில் வந்துவிடும். மூன்று மி.மீ.க்குக் கீழே வந்தால் நான் அந்த ரிம்மைக் கொடுப்பதில்லை. வளைவில் சாயும்போது ரிம்மும் கொஞ்சம் நெளியும், பேரிங்கும் லேசாக ஆடும். பேலன்ஸ் பண்ண உள்ளே ஒட்டுகிற ஈயத்தையும் மறந்துவிடாதே. காலிப்பரின் தலைக்கு நேராக ஒட்டினால் முதல் கிலோமீட்டரிலேயே பிய்த்துக்கொண்டு போகும்.

இடிக்கிறதா, ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் ஸ்பேசர் என்ற தட்டைப் போட்டுத் தள்ளிவிடலாம் என்பார்கள். 5 மி.மீ. ஸ்பேசர் போட்டால், நட் திருகுகிற ஸ்டட்டில் 5 மி.மீ. மரை போய்விடும். உன் ஸ்டட் 12 மி.மீ. தடிப்பு, மரை 1.25, அதாவது ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. நகரும். நட் குறைந்தது 12 மி.மீ. பிடிக்க வேண்டும், அதாவது கையால் திருகினால் பத்துச் சுற்றாவது போக வேண்டும். ஆறு ஏழிலேயே நின்றால் நீள ஸ்டட் போடாமல் வண்டியை வெளியே எடுக்காதே. ஸ்பேசர் ஹப்பின் உதட்டையும் மறைத்துவிடும். உன் ஹப்பின் உதடு 56.1 மி.மீ., வெளி ரிம்களின் நடுத்துளை பெரும்பாலும் 73 இருக்கும். நடுவில் வளையம் போடாவிட்டால் ஸ்டியரிங் நடுங்கும், நீ பேலன்ஸ்காரனைத் திட்டுவாய்.

என் யோசனை 17×8, வெளியே வளைந்த ஸ்போக், 225/45 டயர். என்கெய் ஆர்பிஎஃப்1 போல எடை குறைந்ததாகப் பார். 18 போட்டால் டயர் விலையும் கூடும், எடையும் பெரும்பாலும் கூடும், இங்கே இருக்கிற ரோட்டுக் குழிகளுக்கு ரிம்மும் சீக்கிரம் வளையும். கொப்பி ரிம் வேண்டவே வேண்டாம். முகத்தை அப்படியே காப்பியடிப்பார்கள், முதுகுப்பக்கம் அவர்கள் இஷ்டம். ரிம்மின் உறுதிக்கான ஜப்பானிய ஜேடபிள்யூஎல் முத்திரை இருக்கிறதா பார், ஆனால் முத்திரையையும் போலியாக அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் வாங்குகிற இடம் முக்கியம்.

அந்தக் கடைக்காரரிடம் காலிப்பரைப் பக்கவாட்டில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து இரண்டு படம் எடுத்து அனுப்பச் சொல். ஓரத்தில் ரப்பர் கிழிந்திருக்கிறதா, பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்கிறேன். காலிப்பரை வாங்கிய பிறகு காரோடு இங்கே வா, ஐந்தாறு ரிம்களைப் போட்டுப் பார்த்துவிடலாம். ஞாயிறு கடை இல்லை. சனிக்கிழமை காலையிலேயே வந்துவிடு, மத்தியானம் ஆளும் கூட்டமும் சேர்ந்துவிடும். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
சேகர்