மெத்தையை விடுங்கள், அளவைச் சொல்லுங்கள்

மோட்டார் சைக்கிள் இருக்கையும் பேக்ரெஸ்ட்டும் தயாரித்து விற்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். பைக்கில் நெடுந்தூரம் போகிறவர்களில் ஒருவன் எழுதுகிறேன். முதுகைச் சாய்த்துக்கொள்ள ஓட்டுபவருக்கான பேக்ரெஸ்ட் ஒன்று வாங்கலாம் என்று உங்கள் விளம்பரங்களைப் பார்த்தால் மென்மையான மெத்தை, உயர்ரகத் தோல், எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்பவைதான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. முதுகு படும் பேட் சீட்டிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும், முன்னும் பின்னும் எவ்வளவு நகரும், எவ்வளவு சாயும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அந்த எண்களைப் பெட்டியின் மேல் அச்சிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கீழ்முதுகில் ஐந்து முள்ளெலும்புகள் இருக்கின்றன. நிற்கும்போது அந்த இடம் உள்வாங்கி வளைந்திருக்கும். உட்கார்ந்ததும் இடுப்பெலும்பு பின்பக்கம் சரிய, வளைவு தட்டையாகிவிடும். கூன் விழுந்த நிலையில் மணிக்கணக்காக ஓட்டினால் தசையும் தசைநார்களும்தான் பாரத்தைத் தாங்கியாக வேண்டும். க்ரூஸர் வகை பைக்கில் கால் முன்னால் நீண்டிருப்பதால் நிலைமை இன்னும் மோசம். குழியில் வண்டி இறங்கும்போது காலை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ள வழியில்லை. அடி நேராக வால் எலும்பில் இறங்கும். போதாக்குறைக்கு, உட்கார்ந்திருக்கும் உடம்பை மேலும் கீழுமான அதிர்வுகளில் அதிகம் உலுக்குபவை 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலானவை, அதாவது நொடிக்கு நான்கு முதல் எட்டு முறை அதிர்பவை. மோசமான சாலை அதைத் தாராளமாகவே கொடுக்கும்.

பேக்ரெஸ்ட் இந்த அதிர்வை விழுங்கிவிடாது. அந்த வளைவு குலையாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. அதற்கு பேட் பெல்ட்டுக்குச் சற்று மேலே, முதுகை லேசாகத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அதைவிட உயர்ந்தால் தோள்பட்டையை முன்னால் தள்ளும். பின்னால் தள்ளியிருந்தால் அதைத் தேடிச் சாய்ந்து, கை ஹேண்டில்பாருக்கு எட்டாமல் நீளும். அப்புறம் முதுகுவலி போய்க் கழுத்துவலி வரும். பாதுகாப்பு ஜாக்கெட்டின் முதுகுத் தகட்டுக்கும் ஒரு கனம் உண்டு. கடையில் மெல்லிய சட்டையோடு உட்கார்ந்து பார்த்துச் சரி என்று சொன்ன இடம், ஜாக்கெட்டைப் போட்டதும் சரியாக இருக்காது.

ஆகவே மெத்தையைவிட முன்பின் நகர்வுதான் எனக்குப் பெரிது. ஒரே வண்டியில் குள்ளமானவரும் உயரமானவரும் உட்காரும் இடம் வேறு. சீட்டின் ஸ்பாஞ்ச் சில மணி நேரத்தில் அமுங்கும், சீட் முன்பக்கம் சரிந்திருந்தால் உடம்பும் டேங்க்கை நோக்கி வழுக்கும், காலையில் தொட்டுக்கொண்டிருந்த பேட் மதியத்துக்குள் எட்டாமல் போகும். வண்டியை ஓரம் கட்டி, கையுறையைக் கழற்றாமல், உட்கார்ந்தபடியே திருகி நகர்த்தும்படி ஒரு குமிழ் இருந்தால் போதும். சீட்டைக் கழற்றி அடியில் ஸ்பானர் போட்டால்தான் நகரும் என்றால், வாங்கிய அன்றைக்கு வைத்த இடத்திலேயே அது கிடக்கும்.

பேட்டை வண்டியோடு பிடித்துவைக்கும் பிராக்கெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் வாங்கிய ஒன்றில் பேட்டைத் தாங்கும் கம்பி அதன் குழாய்க்குள் ஒரு விரல் அகலம் ஆடும். நல்ல சாலையில் தெரியாது. ஒவ்வொரு மேட்டிலும் டக் டக்கென்று பின்னாலிருந்து யாரோ இடுப்பில் தட்டுவதுபோல இருக்கும். பிராக்கெட்டை வண்டியின் சட்டகத்தோடு போல்ட் போட்டுப் பிடிக்கச் செய்யுங்கள். சீட்டின் இடுக்கில் செருகினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். அதிர்வில் கழலாத நைலாக் நட்டும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். பேட் மடங்கட்டும், பின்னால் ஆளோ மூட்டையோ இருக்கும்போது காலைத் தூக்கிப் போட முடியாமல் தடுமாறி வண்டியோடு சாய்கிறவர்கள் உண்டு.

"எல்லா வண்டிக்கும்" என்பதையும் எடுத்துவிடுங்கள். முன்னால் குனிந்து ஓட்டும் ஸ்போர்ட்ஸ் பைக்கில் முதுகு பேட்டைத் தொடவே தொடாது. அங்கே அது காசுக்குக் கேடு.

மென்மையைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது ஏறக்குறைய 1,610 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும் என்பது நெடுந்தூர பைக் ஓட்டிகளின் அமைப்பான அயர்ன் பட் அசோசியேஷனின் சாடில்சோர் 1000 சவால். அவ்வளவு நேரம் உட்காருகிறவருக்கு, அழுத்தியதும் உள்ளே போய்விடும் பஞ்சு எதற்கு? கொஞ்சம் இறுக்கமான ஸ்பாஞ்சே வைக்கலாம்.

நாங்கள் இப்போது என்ன செய்கிறோம் தெரியுமா? பின் சீட்டில் ஒரு பையை இறுகக் கட்டி, அதன் மேல் சாய்ந்து பாதி நாள் ஓட்டுகிறோம். எந்த உயரத்தில் சுகமாக இருக்கிறதோ அதை டேப்பால் அளந்து குறித்துக்கொள்கிறோம். செலவில்லாத சோதனை, நன்றாகவே வேலை செய்கிறது. அந்த எண்ணோடு உங்கள் கடைக்கு வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. விற்பனையாளரிடம் கேட்டால் "உட்கார்ந்து பாருங்க சார், சூப்பரா இருக்கும்" என்கிறார்.

கடைசியாக, பேட்டையும் பிராக்கெட்டையும் தனித்தனியாகவும் விற்பனைக்கு வையுங்கள். வண்டி மாற்றினால் பிராக்கெட்டை மட்டும் வாங்கிக்கொள்வோம்.

இப்படிக்கு,
நெடுந்தூரம் ஓட்டுகிறவன்