வாசகர் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. மழையில் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. படிப்பறையில் ஒழுகிய இடத்தில் ஷீட் மாற்றியாயிற்று. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்களின் பெயரை இந்த முறை வாசிக்கப்போவதில்லை, அவர்களுக்கே தெரியும்.

ஆண்டின் பெரும்பகுதியைத் தோரியம் என்ற கதிரியக்க உலோகம்தான் எடுத்துக்கொண்டது. நம் கன்னியாகுமரிக் கரையிலுள்ள மணவாளக்குறிச்சி மணலை வைத்தே நாடு முழுக்க மின்சாரம் எடுக்கலாம், யூனிட் பைசாக் கணக்கில்தான் வரும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கிறதே, அதில் எவ்வளவு தேறும் என்று பார்க்கச் சொல்லிச் சென்ற பொதுக்குழு கேட்டிருந்தது. குறிப்பாக, எரிபொருளை உருகிய உப்பில் கரைத்து ஓட்டும் உருகிய உப்பு உலை என்கிறார்களே, அது வந்தால் உண்மையில் காசு மிச்சமாகுமா என்பதுதான் கேள்வி.

தோரியத்துக்கும் நம் கரைக்கும் உள்ள உறவு அணு உலைக்கு முந்தியது. ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் கலந்த மோனசைட் என்ற கனிமம் இருப்பதைப் பார்த்து, அது எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு 1909இல் மணவாளக்குறிச்சிக்கே வந்து சேர்ந்தார். அன்று தோரியம் தேவைப்பட்டது விளக்குக்கு. பெட்ரோமாக்ஸ் விளக்கில் ஒளிவிடும் வலைத் துணியான மேண்டிலை இளைய உறுப்பினர்களில் பலர் பார்த்ததே இல்லை. கல்யாண வீடுகளுக்குப் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த நம் மூத்த உறுப்பினர் உறை பிரிக்காத பழைய மேண்டில் ஒன்றைக் கொண்டுவந்தார். கல்லூரியில் இயற்பியல் நடத்திய உறுப்பினர் கதிரியக்கத்தை அளக்கும் கைகர் கருவியை அதன் பக்கத்தில் வைத்ததும் டிக் டிக் என்று வேகம் பிடித்தது. பிறகு மேண்டிலை விளக்கில் கட்டிக் கொளுத்தினோம். துணி எரிந்துபோய் வெள்ளை வலை மட்டும் நின்றது. அந்த வலை ஏறக்குறைய முழுக்கத் தோரியம் ஆக்சைடு. கொஞ்சம் சீரியமும் உண்டு. ஒரு பையன் விரலால் தொட்டுப் பார்த்தான், பொடிப்பொடியாக உதிர்ந்தது. (கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்துத்தான் வீட்டுக்கு அனுப்பினோம் என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ளவும்.)

சரி, மின்சாரத்துக்கு வருவோம். தோரியம் தானாகப் பிளந்து எரியாது. நனைந்த தென்னமட்டை மாதிரி, ஏற்கெனவே எரிகிற அடுப்பில்தான் அதைச் சொருக முடியும். உலைக்குள் ஒரு நியூட்ரானை வாங்கிக்கொண்டு முதலில் புரோட்டாக்டினியம் ஆகும். அதன் அரைவாழ்வு, அதாவது அதில் பாதி மாற ஆகும் காலம், 27 நாள். பிறகுதான் யுரேனியம் 233 ஆகி எரியும். ஆக, முதல் அடுப்பு பற்றவே யுரேனியம் 235 அல்லது புளூட்டோனியம் வேண்டும். பூமியில் யுரேனியத்தைவிடத் தோரியம் மூன்று நான்கு மடங்கு அதிகம் என்பது உண்மை. அதனால் மின்சாரம் மலிவாகிவிடும் என்பதைத்தான் எங்களால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஏன் என்று கேட்டால், அணு மின்சாரத்தின் விலையில் எரிபொருள் ஒரு சிறு பங்குதான். ஆயிரம் மெகாவாட் உலை ஒன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 200 டன் இயற்கை யுரேனியம் வேண்டும். பவுண்டு 80 டாலர் என்று வைத்துக் கூட்டத்திலேயே கணக்குப் போட்டோம். யூனிட்டுக்கு 45 பைசாவுக்குப் பக்கத்தில் வந்தது. தோரியத்தைச் சும்மாவே கொடுத்தாலும் மிச்சமாவது அதற்குள்தான். உப்பு உலைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு டன் தோரியம் போதும் என்பது கேட்க ஆசையாக இருக்கிறது. ஆனால் கரண்ட் பில்லில் அது பெரிதாகத் தெரியாது.

பணம் போவது கட்டுமானத்தில். அதைவிட, கட்டி முடிக்க ஆகும் ஆண்டுகளில். இதை விளக்கியது வங்கியில் ஓய்வு பெற்ற உறுப்பினர். என்னைக் கேட்டால் இந்த ஆண்டின் சிறந்த பேச்சு அதுதான். 10,000 கோடி ரூபாயை 9 சதவீத வட்டிக்கு வாங்கி, ஆண்டுக்கு 1,000 கோடியாகப் பத்து ஆண்டு செலவழித்தால், முடிகிற அன்று கடன் 15,193 கோடி. அதே தொகையை நான்கே ஆண்டில் செலவழித்து முடித்தால் 11,433 கோடி. ஒரு மூட்டை சிமென்ட் கூடுதலாக வாங்காமலே 3,760 கோடி வித்தியாசம். நம் பக்கத்துக் கூடங்குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலை தொடங்கியது 2002. முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2014 டிசம்பர் கடைசி நாள். முதல் இரண்டு உலைகளுக்கு 13,171 கோடி என்று போட்ட மதிப்பீடு 22,462 கோடியாக ஏறியது. தாமதத்துக்குப் போராட்டம், வழக்கு, பாகங்கள் வரத்து என்று காரணங்கள் பல. வட்டிக்கு எந்தக் காரணமும் கணக்கில்லை.

உப்பு உலையின் கவர்ச்சி இந்த இடத்தில்தான் வருகிறது. கூடங்குளம் மாதிரி உலையில் தண்ணீர் 300 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்க, காற்றழுத்தத்தைப் போல 150 மடங்குக்கு மேல் அழுத்தித் தாங்கும் தடித்த எஃகுக் கலன் வேண்டும். லித்தியம், பெரிலியம் புளோரைடு கலந்த உப்பு 460 டிகிரியில் உருகி, 1,400 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். 700 டிகிரியில் ஓட்டினாலும் அழுத்தம் தேவையில்லை. அதனால் கலன் மெல்லியதாக இருக்கலாம், ஆலையில் செய்து கப்பலில் கொண்டுவரலாம். வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குப் பதில் 45 சதவீதம் வரை மின்சாரமாக மாற்றலாம். எரிபொருளே உப்பில் கரைந்து ஓடுவதால், உலையை நிறுத்தாமலே எரிபொருள் சேர்க்கலாம். கோளாறு வந்தால் அடியில் உறைய வைத்த அடைப்பு உருகி, எல்லாம் கீழ்த் தொட்டிக்கு வடிந்துவிடும். இவற்றில் முக்கால்வாசி லாபம் உப்பால் வருவது. யுரேனியம் கரைத்தாலும் அதே லாபம்தான்.

இது காகிதத்தில் மட்டும் இருக்கும் சங்கதி இல்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் ஆல்வின் வைன்பெர்க் தலைமையில் இப்படி ஓர் உலை 1965 முதல் 1969 வரை ஓடியது. 1968இல் யுரேனியம் 233 கொண்டே அதை ஓட்டிக் காட்டினார்கள். அப்புறம் பணம் வேறு வகை ஈனுலைக்கு (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலைக்கு) போனது, வைன்பெர்க்கும் 1973இல் பதவி இழந்தார். ஆனால் அரசியல் அதை ஒழித்துவிட்டது என்று மட்டும் சொல்வது பாதிக் கதை. உப்பு ஓடிய நிக்கல் கலவைக் குழாய்களில், அணு பிளக்கும்போது உண்டாகும் டெல்லூரியத்தால் நுண்விரிசல் கண்டது. உலையை நிறுத்தி 25 ஆண்டு கழித்து, 1994இல் பார்த்தால், உறைந்த உப்பிலிருந்த யுரேனியத்தில் ஒரு பகுதி வாயுவாகிக் குழாய்களுக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. துப்புரவுச் செலவை யார் கணக்கில் எழுதுவது? கதிரியக்கம் உலையோடு நிற்காமல் பம்பு, குழாய் எங்கும் ஓடுவதால், பழுது பார்க்க மனிதர் கிட்டேயே போக முடியாது. நியூட்ரானை விழுங்கும் லித்தியம் 6 வகையை நீக்கிய லித்தியம் வேண்டும். அது கடையில் கிடைக்காது. இந்தச் செலவுகளுக்கு நம்பகமான விலைப்பட்டியல் வணிக உலை ஒன்று ஓடினால்தான் கிடைக்கும். அது வரை யூனிட் இன்ன பைசா என்று யார் சொன்னாலும் விளம்பரமாக எடுத்துக்கொள்வது நல்லது.

சீனா 2011இல் தொடங்கி, கான்சு மாகாணத்து ஊவெய் அருகே 2 மெகாவாட் வெப்பத் திறனுள்ள சோதனை உலையைக் கட்டியிருக்கிறது. 2024 ஜூனில் முழுத் திறனை எட்டியது, அக்டோபரில் தோரியம் சேர்க்கப்பட்டது. அவர்கள் செலவழிப்பது லாபத்துக்காக அல்ல, கற்றுக்கொள்ள. நம் நாட்டில் யுரேனியம் 233 கொண்டு கல்பாக்கத்தில் காமினி என்ற 30 கிலோவாட் ஆய்வு உலை 1996 முதல் இருக்கிறது. இந்திய அணுசக்தித் திட்டத்துக்கு அடித்தளமிட்ட ஹோமி பாபாவின் மூன்று கட்டத் திட்டத்தில் தோரியத்துக்கு மூன்றாம் கட்டம். இரண்டாம் கட்டத்துக்கான 500 மெகாவாட் ஈனுலையின் கட்டுமானம் 2004இல் தொடங்கியது. உலையின் மையத்தில் பாகங்களை அடுக்கத் தொடங்கியதே 2024 மார்ச்சில். 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் 2047க்குள் 100 கிகாவாட் அணுமின்சாரம் என்றார்கள், சிறு உலை ஆய்வுக்கு 20,000 கோடி ஒதுக்கினார்கள். அதில் உப்பு உலைக்கு உருப்படியான ஒரு பங்கு போக வேண்டும் என்பது பெரும்பான்மை உறுப்பினர்களின் கருத்து; என் கருத்தும் அதுவே.

கடைசியாக, சூடு பறந்த கூட்டத்தையும் பதிவு செய்ய வேண்டும். கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் நடக்க வேண்டிய கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனது எல்லோருக்கும் தெரியும். கடற்கரை உறுப்பினர் ஒருவர் எழுந்து, “தோரியத்துக்கு இன்னைக்கு வாங்க ஆளே இல்லன்னு நீங்களே சொல்றீங்க, பின்ன எதுக்கு எங்க மண்ணைத் தோண்டணும்?” என்று கேட்டார். தோண்டுவது இல்மனைட், சிர்க்கான், அருமண் தனிமங்களுக்காக. மோனசைட்டிலிருந்து பிரியும் தோரியம் பெரும்பாலும் சேமிப்புக்குத்தான் போகிறது என்று இயற்பியல் நடத்திய உறுப்பினர் பதில் சொன்னார். கேட்டவர் உட்காரவில்லை. நியாயமான கேள்வி என்பதால் அப்படியே குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். சங்கம் இதில் தீர்மானம் எதுவும் போடவில்லை; இரு தரப்பிலும் நம் உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

வரும் ஆண்டில் கடலரிப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு சொல்கிறது. படிப்பறைக்கு ஒரு மின்விசிறி தேவை. கைகர் கருவியைத் திருப்பித் தர வேண்டும். வாங்கிப் போனவர் இந்த வாரத்துக்குள் கொண்டுவந்து விடவும்.

இப்படிக்கு,
செயலாளர்