இரவு மூன்று மணிக்கான வீடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கர்ப்பம் 26 வாரம் முடிந்துவிட்டது, ஸ்கேனில் குறை எதுவும் இல்லை, மசக்கை விட்டு, எனக்குத் தங்கச்சி முறையான உன் மனைவி இப்போது ருசித்துச் சாப்பிடுகிறாள். படிக்கவே நிறைவாக இருந்தது. இங்கே எல்லாரும் நலம்.

கூடவே நீ வைத்திருந்த பட்டியலைத்தான் இரண்டு முறை பார்த்தேன். வாங்க வேண்டியவை என்று 63 சாமான் எழுதியிருக்கிறாய். கடைக்காரர்கள் உன்னை மறக்கவே மாட்டார்கள். ஆனால் தங்கச்சிக்கு ராத்திரி தூக்கம் வராததற்கு அந்த 63-இல் ஒன்றும் மருந்தில்லை. குழந்தை வந்த பிறகு உங்கள் இருவருக்கும் தூக்கம் கிடைக்கவும் அவை பெரிதாக உதவப்போவதில்லை. கொஞ்ச நேரம் பட்டியலை மடித்து வை.

மாத்திரை வயிற்றைப் பிரட்டுகிறது, ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுகிறாள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய். உன் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்ட வரி அதுதான். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் காலையில் சேர்த்து விழுங்கிவிடுவது பல வீடுகளில் வழக்கம். மறக்காது என்பதற்காகச் செய்வது. ஆனால் கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். டீயும் காபியும் அதே வேலையைத்தான் செய்யும்; மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் அவை வேண்டாம். வெறும் வயிற்றில் இரும்பு நன்றாகச் சேரும், குமட்டலும் அப்போதுதான் அதிகம். தாங்க முடியாவிட்டால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடட்டும், இல்லையென்றால் படுக்கப் போகும்போது போடட்டும். சேர்மானம் சற்றுக் குறையும், ஆனாலும் போடாமல் விடுவதற்கு அது எவ்வளவோ மேல். கால்சியத்தைப் பகல் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். மலம் கறுப்பாகப் போவது மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம். மலச்சிக்கலுக்குத் தண்ணீர், நார்ச்சத்து, நடை. அதற்கும் அடங்காவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு வகை எழுதுவார், இல்லை அளவை மாற்றுவார். தானாகக் குறைப்பது மட்டும் கூடாது. பிரசவத்தில் ரத்தம் போகத்தான் செய்யும். ரத்தசோகையோடு உள்ளே போகிறவளுக்கு அந்த இழப்பைத் தாங்கக் கையிருப்பு இருக்காது.

தூக்கத்துக்கு வருகிறேன். 28 வாரத்திலிருந்து ஒருக்களித்துப் படுத்துத் தூங்குவது நல்லது. மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் கனம், கீழிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய நாளத்தை அழுத்தும். இடப்பக்கம்தான் படுக்க வேண்டும் என்று அவளை ராத்திரி முழுக்க விரட்டாதே. எந்தப் பக்கமானாலும் ஒருக்களித்திருந்தால் போதும். நடுவில் விழித்துப் பார்த்தால் மல்லாந்து கிடக்கிறாளா, புரண்டு படுத்தால் சரி, அதற்கு மேல் கவலை வேண்டாம். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் மெல்லிய தலையணை ஒன்று. உன் பட்டியலில் இருக்கும் பெரிய வளைந்த கர்ப்பிணித் தலையணை இல்லாமலே இந்த இரண்டும் வேலையை முடித்துவிடும்.

நெஞ்செரிச்சலுக்குத் தலையணைகளை அடுக்கிக் கொடுப்பதாக எழுதியிருந்தாய். அடுக்கினால் உடம்பு இடுப்பில் மடியும், வயிறு இன்னும் நெரியும், அமிலம் இன்னும் மேலே ஏறும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் ஆடாத கட்டை வைத்து உயர்த்து, உடம்பு முழுவதும் ஒரே சரிவில் இருக்கும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் இருக்கட்டும். கெண்டைக்கால் குரக்களி பிடித்தால் காலை நீட்டி, விரல்களை முகத்தை நோக்கி மடக்கிப் பிடி, விட்டுவிடும். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து வலித்தால் அது குரக்களி இல்லை. ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். அந்தக் காலை யாரும் உருவிவிடக் கூடாது.

அசைவு பற்றிக் கேட்டிருந்தாய். ஒரு நாளைக்கு இத்தனை உதை என்று எல்லாக் குழந்தைக்கும் பொதுவான கணக்குக் கிடையாது. 28 வாரத்துக்குள் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு போக்கு வந்துவிடும்: சாப்பிட்டதும் துள்ளுவது, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஆட்டம் போடுவது, இப்படி. அந்தப் போக்கைத் தெரிந்து வைத்துக்கொள்வதுதான் காரியம். சந்தேகம் வந்தால் ஒருக்களித்துப் படுத்து, பேச்சு, போன் எதுவும் இல்லாமல் எண்ணட்டும். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வராவிட்டால் உடனே மருத்துவமனை. எண்ணிக்கை தேறினாலும் வழக்கத்தைவிடக் குறைவாக இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றினால் அப்போதும் கிளம்புங்கள், விடியட்டும் என்று உட்காராதீர்கள். மாதம் ஏற ஏற இடம் போதாமல் அசைவு குறையும் என்று யாராவது சொல்வார்கள். அது தப்பு. அசையும் விதம் மாறும், குறையக் கூடாது. வீட்டிலேயே இதயத் துடிப்பு கேட்கும் கருவியைப் பட்டியலில் 17-ஆவதாக எழுதியிருக்கிறாய், அதை முதலில் அடி. பழகாத கைக்குத் தாயின் நாடித்துடிப்பே குழந்தையுடையது போலக் கேட்கும். கேட்டுவிட்டு நிம்மதியாக வீட்டில் இருந்துவிடுவீர்கள். அந்த நிம்மதிதான் ஆபத்து.

வீட்டு வேலையில் இன்றே உன் கைக்கு மாற வேண்டியவை சில உண்டு. ஏணி ஏறுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, பூச்சி மருந்து அடிப்பது, குளியலறைத் தரையை வழுக்காமல் தேய்த்துக் காயவைப்பது. வயிறு முன்னே தள்ளும்போது உடம்பின் நிதானம் மாறும், மூட்டுகளும் தளர்ந்திருக்கும். ஈரத் தரையில் விழுவது அப்படித்தான். பூனை வளர்ப்பதால் இன்னொன்று: அதன் கழிவுத் தட்டைத் தினமும் நீயே சுத்தம் செய். கழிவில் இருக்கக்கூடிய ஒட்டுண்ணி முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதற்குள் அள்ளிவிட்டால் பயம் குறைவு. பூனையை யாருக்கும் கொடுத்துவிட வேண்டியதில்லை. அறைக்குப் பெயின்ட் அடிக்கும் யோசனையும் நல்லதுதான். ஆனால் பழைய வீட்டில் பழைய பெயின்டைச் சுரண்டும்போது வரும் தூளில் ஈயம் இருக்கலாம். சுரண்டுவதும் கூட்டுவதும் அவள் இல்லாத நேரத்தில், ஈரத் துணியோடு நடக்கட்டும். அடித்து முடித்து வாடை முழுவதும் போகச் சில வாரம் விடு.

இனி அந்த மூன்று மணி. பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். அதற்கு ராத்திரி பகல் தெரியாது. அப்போது உங்களில் ஒருவருக்கு ஒரு கைதான் சும்மா இருக்கும், கண் பாதிதான் திறந்திருக்கும். வீட்டை அந்த ஆளுக்காக அடுக்க வேண்டும். ஒரு பரீட்சை சொல்கிறேன், இந்த வாரமே செய்து பார். மூன்று கிலோ எடையுள்ள பையை இடக்கையில் குழந்தை மாதிரி அணைத்துக்கொள். பெரிய விளக்கை அணைத்துவிடு. கட்டிலிலிருந்து எழுந்து, தண்ணீர் குடித்து, டயப்பர் ஒன்றை எடுத்து, துணி மாற்றி, அழுக்கைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து படு. எங்கெங்கே தடுமாறுகிறாய் என்று உனக்கே தெரியும். திருகு மூடி போட்ட டப்பா ஒரு கைக்குத் திறக்காது. அலமாரிக் கதவு கிறீச்சிடும். சுவிட்ச் கட்டிலிலிருந்து எட்டாது. சார்ஜர் வயர் காலில் சிக்கும். ஒவ்வொன்றையும் சரிசெய்ய உனக்கு இன்னும் பல வாரம் இருக்கிறது.

துணி மாற்றும் இடத்தைத் தரையிலேயே வைத்துக்கொள்வது என் கட்சி. மெத்தென்ற விரிப்பு, மேலே துடைத்தால் போகும் ஷீட், உட்காரும்போது கை எட்டும் தூரத்தில் ஒரு திறந்த கூடை. கூடையில் டயப்பர், பஞ்சு, ஒரு மாற்று உடை, அழுக்குக்கு ஒரு பை. மேசை உயரத்தில் வைத்தால் முதுகுக்குச் சுகம், உண்மைதான், ஆனால் ஒரு நொடி திரும்பினால் குழந்தை கீழே. மேசைதான் வேண்டும் என்றால் ஒரு கை எப்போதும் குழந்தை மேல் இருக்க வேண்டும். பால் கொடுக்கும் நாற்காலிக்கு முதுகுச் சாய்மானமும், முழங்கையைத் தாங்கும் கைப்பிடியும் வேண்டும். பக்கத்தில் தண்ணீர், ஒரு துண்டு, மங்கலான மஞ்சள் விளக்கு. அந்த நாற்காலியில் தூக்கம் சொக்கினால் குழந்தையை உடனே நீ வாங்கிக்கொள். சோபாவிலும் நாற்காலியிலும் குழந்தையோடு தூங்கிப்போவது மிக ஆபத்து.

டயப்பரைப் பெட்டி பெட்டியாக அடுக்காதே. முதல் வாரங்களில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு போகும். ஆனால் மிகச் சின்ன அளவு சீக்கிரம் போதாமல் போகும், சில குழந்தைக்குப் பிறந்த அன்றே போதாது. பத்து நாளைக்கு வாங்கினால் போதும். முதல் ஓரிரு நாள் மலம் கருந்தார் மாதிரி ஒட்டும், வெதுவெதுப்பான நீரும் பஞ்சும் போதும். சுவரில் ஒரு தாள் ஒட்டிப் பாலுக்கு ஒரு கோடு, ஈரத்துக்கு ஒரு கோடு போட்டுவாருங்கள். ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு ஈர டயப்பராவது இருந்தால் பால் போதுமான அளவு இறங்குகிறது என்று அர்த்தம். முதல் வாரம் எடை கொஞ்சம் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பும். பால் போதவில்லை என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்லும்போது, அந்தத் தாளும் எடையும்தான் தங்கச்சிக்குச் சாட்சி.

உன் விடுமுறையைப் பிரசவத் தேதியிலிருந்து எழுதிக் கொடுத்திருக்கிறாயாமே. அந்தத் தேதி, கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணிப் போட்டது. அதே நாளில் பிறப்பது இருபதில் ஒன்று இருந்தால் அதிகம். 37 முதல் 42 வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் என்று அலுவலகத்தில் சொல்லி, பிறந்த நாளிலிருந்து விடுமுறை தொடங்கும்படி மாற்றிக்கொள். பையை 35 வாரத்தில் கட்டிவிடு. மேலாக ஸ்கேன் தாள்கள், ரத்த வகை, மருந்துகளின் பெயர், ஒவ்வாமை இருந்தால் அது. மருத்துவமனைக்கு ஒரு தடவை ராத்திரியிலும் ஒரு தடவை நெரிசலிலும் போய்ப் பார், ராத்திரி எந்த வாசல் திறந்திருக்கும் என்பதையும் சேர்த்து. வலி ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம், இப்படி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் புறப்படலாம். தூரம் அதிகமானால் முன்னதாகவே. பொய் வலி நடந்தாலோ படுத்தாலோ தணியும். பனிக்குடம் உடைந்தால் வலி வரவில்லை என்று காத்திருக்காதே. நேரத்தையும் நீரின் நிறத்தையும் குறித்துக்கொண்டு மருத்துவமனைக்குச் சொல். நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் உடனே போ. 37 வாரத்துக்கு முன் சீராக வலி வந்தாலும், எப்போது ரத்தம் போனாலும், விடாத தலைவலியோடு கண் மங்கினாலும், முகமும் கையும் திடீரென்று வீங்கினாலும், மேல்வயிறு வலித்தாலும் யாரையும் யோசனை கேட்காமல் கிளம்பு.

யோசனை என்றதும் நினைவு வருகிறது. இரண்டு பக்கத்துச் சொந்தமும் ஆளுக்கொன்று சொல்வதில் அவள் அழுதுவிட்டாள் என்று எழுதியிருந்தாய். உன் பக்கத்தவர்களுக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும், அவளை முன்னால் தள்ளாதே. குழந்தை வந்த பிறகு வாசலில் நிற்கப் போகிறவனும் நீதான். சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவிவிட்டுத் தூக்கலாம். இருமல், சளி உள்ளவர்கள் பிறகு வரலாம். உதட்டோரம் கொப்புளம் உள்ளவர் முத்தமிடவே கூடாது. பெரியவர்களுக்கு எரிச்சலோடு போகும் அந்தக் கிருமி பச்சைக் குழந்தையின் உயிரையே வாங்கலாம். கக்குவான் தடுப்பூசி 27 முதல் 36 வாரத்துக்குள் தாய்க்குப் போட்டால், அந்த எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கும் போய்ச் சேரும். அடுத்த பரிசோதனையில் கேட்டுவிடுங்கள்.

பிறந்த பிறகு எல்லாரும் குழந்தையைப் பார்ப்பார்கள், நீ தங்கச்சியைப் பார். ஒரு மணி நேரத்தில் ஒரு பெரிய நாப்கின் முழுக்க நனைந்தாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, மூச்சு வாங்கினாலோ மருத்துவமனை. மூன்றாம், நான்காம் நாள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் மனது தேறாவிட்டால் டாக்டரிடம் சொல்ல வேண்டும், திட்டவோ புத்தி சொல்லவோ கூடாது. குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும்வரை 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றாலே உடனே காட்ட வேண்டும். அதனால் தெர்மாமீட்டர் மட்டும் பட்டியலில் இருக்கட்டும்.

கட்டிலும் இருக்கட்டும், ஆனால் முதல் ஆறு மாதம் அது உங்கள் அறையிலேயே, உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். குழந்தையை மல்லாக்கப் போட வேண்டும், மெத்தை அழுத்தினால் குழியாதபடி கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும். பட்டியலில் 22 முதல் 26 வரை நீ எழுதியிருக்கும் தலையணை, பக்க அணை, மெத்தைத் தடுப்பு, போர்வை, பஞ்சு பொம்மை எல்லாம் அதற்குள் வேண்டாம். மூக்கை அடைப்பவை அவைதான். உறவினர் கொடுத்த பழைய கட்டில் என்றாயே, டேப் எடுத்து அளந்து பார். கம்பிகளுக்கு நடுவே இடைவெளி ஆறு சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையக் கூடாது. ஆடும் ஆணி, உரியும் பெயின்ட் இருக்கிறதா என்றும் பார். அளவை எழுதி அனுப்பு, மெத்தையை அதற்குப் பிறகு வாங்கலாம்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்